செத்த வண்டு நகர்கிறது

செத்துப்போன வண்டு நகர்ந்திருந்தது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி கணினித் திரையைப் பார்த்தார். சந்தேகமே இல்லை. முதல் படத்தில் நட்டநடுவில் இருந்த வண்டின் கண், கடைசிப் படத்தில் இரண்டு விரல்கடை மேலே ஏறியிருந்தது. நிஜத்தில் அது ஒரு மயிரிழைகூட இருக்காது. ஆனால் டாக்டர் வைத்திருந்த லென்ஸுக்கு மயிரிழை என்பது ஆலமரத்து விழுது. வண்டு செத்து ஒரு மாதம் ஆகிறது. ஊசி முனையில் குத்தி, பல் அச்சு எடுக்கும் மெழுகில் நட்டு வைத்திருந்தார். உயிரோடு இருந்தபோதே சோம்பேறி வண்டு அது.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் கோவிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் மருமகளைக் குறை சொல்வார்கள். டாக்டருக்கு மருமகள் இல்லை. பூச்சிகளை லட்சணமாகப் படம் பிடிக்கிறேன் என்று இறங்கினார். முதலில் பழைய லென்ஸ் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிக் கேமராவில் மாட்டினார். ஈ எருமையாகத் தெரிந்தது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் வெற்றுக் குழாய்களைச் செருகினார், எருமை யானையாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். மைக்ரோஸ்கோப்பின் மூக்கைக் கழற்றி, நீள லென்ஸின் முனையில் ஒட்டவைத்தார். அதன்பின் ஈயின் காலில் உள்ள ரோமத்தில் ஒட்டிய தூசிக்கே தனி முகவரி தேவைப்பட்டது.

அந்த உருப்பெருக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. கண் தெளிந்தால் மீசை மங்கும்; மீசை தெளிந்தால் கண் பனிமூட்டத்துக்குள் போய்விடும். வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையைச் சுருக்கிப் பார்த்தால் எல்லாமே கலங்கிவிடும். ஒரே வழி, திருகை இம்மி இம்மியாகத் திருப்பிக் கேமராவை முன்னால் நகர்த்திக்கொண்டே நூற்றுக்கணக்கில் படம் எடுப்பது. ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் கீற்றைப் பொறுக்கிக் கணினி ஒரே படமாக அடுக்கிவிடும். நடுவில் யாரும் தும்மக்கூடாது.

"முப்பது வருஷம் ஊராரோட வாயில எட்டிப் பாத்தது பத்தலையா? இப்ப வண்டு வாயில பல்லு எண்ணணுமா?" என்று பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து மனைவி கேட்பாள்.

"வண்டுக்குப் பல்லு இல்ல."

"அப்ப உங்களுக்கு அங்க என்ன வேலை?"

டாக்டர் கண்ணை மறுபடி லென்ஸுக்கே கொடுத்துவிடுவார். குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்தாள் அவள். கால்தான் அசையாது, வாய்க்குக் கட்டுப்போட எந்த ஆஸ்பத்திரியிலும் வசதி இல்லை. மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு வளைவு வேறு. அவளை மேலே கொண்டுவந்த நாளில் ஆஸ்பத்திரி ஆட்கள் நான்கு பேரும் வியர்த்து விறுவிறுத்து, "இனிமே கட்டு பிரிக்கிற வரைக்கும் அம்மாவ எறக்கிடாதீங்க, எலும்பு விலகிடும்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

வண்டு நகர்ந்ததற்கு டாக்டர் முதலில் பழிபோட்டது கீழ்வீட்டுத் தையற்காரியின் மேல். அவள் மெஷினை மிதித்தால் மாடியில் தண்ணீர் டம்ளர் நடனமாடும். அந்த அதிர்வுக்குப் பயந்துதான் டாக்டர் கேமராவை மேஜையிலிருந்து எடுத்துப் பின்சுவரில் இரும்புக் கை அடித்து மாட்டியிருந்தார். வண்டு மட்டும் தரையில் நிற்கும் கனத்த மேஜைமேல் இருந்தது. தரை ஆடும், சுவர் எங்கே ஆடப்போகிறது என்பது அவர் கணக்கு.

"தையலம்மா, ஒரு மணி நேரம் மெஷின நிறுத்த முடியுமா?"

"நிறுத்திடறேன் டாக்டர் சார். நாளைக்குக் குடுக்க வேண்டிய யூனிபார்ம நீங்க பல்லால தச்சுக் குடுத்துடுங்க."

ஆனாலும் நல்லவள். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினைத் தொடாமல் பொத்தான் துளைகளுக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து வீட்டை இடித்துத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு மட்டும் கிழவன் இருமுவது போல இருமிக்கொண்டிருந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை எடுத்தார். வண்டு மறுபடி மேலே ஏறியிருந்தது. இந்த முறை மூன்று விரல்கடை.

அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே அவர் அடுக்கிய படங்களின் விளிம்பில் இழுத்துத் தேய்த்தது போலக் கோடுகள் விழுந்தன. படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் கணினி தானாக நகர்த்திப் பொருத்திக்கொள்ளும். பொருந்தாத மிச்சம்தான் விளிம்பில் கோடாக நிற்கும். அவர் அதைக் கத்தரித்து எறிந்துவிட்டு, நடுவில் ஜொலிக்கும் பச்சை முதுகோட்டைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார். இப்போது அடுக்காத மூலப் படங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கேமராவைச் சுவரில் மாட்டிய நாளில் கடுகளவு. போன வாரம் விரல்கடை. பூச்சி எதுவானாலும் சரி, ஈ, எறும்பு, வண்டு எல்லாம் ஒரே திசையில், மேல் நோக்கியே ஏறின. மெழுகு இளகினால் வண்டு கீழேயல்லவா சரிய வேண்டும்?

இரும்புக் கைதான் தொங்குகிறது என்று சந்தேகப்பட்டார். வண்டையும் அந்தச் சுவரிலேயே ஒரு கட்டையில் நட்டுப் பார்த்தார். அசையவில்லை. கேமரா, வண்டு இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தார். நடுக்கம் இருந்தது, ஏற்றம் இல்லை. கேமரா சுவரிலும் வண்டு தரையிலும் இருந்தால் மட்டுமே வண்டு ஏறியது.

வண்டு ஏறவில்லை. கேமரா இறங்கிக்கொண்டிருந்தது, தன்னைத் தாங்கிய சுவரோடு.

டாக்டர் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். போன வருடம் பூசிய வெள்ளை, கீறல் இல்லை, கறை இல்லை. பல்லைத் தட்டிப் பார்ப்பது போல விரல் மடக்கித் தட்டினார். நல்ல சுவர் மாதிரிதான் பதில் சொன்னது. எத்தனை பேர் அவர் நாற்காலியில் சாய்ந்து, "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்று சிரித்திருப்பார்கள். வலிக்காத பல்தான் வேரோடு கையில் வரும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பள்ளம் அவர் வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிச் செங்குத்தாக இறங்கியிருந்தது. அடியில் காபி நிறத் தண்ணீர். வேலையாட்கள் யாரையும் காணோம்.

பக்கத்து அறைக்குப் போனார். "இந்தா, நாம கீழ போயிடலாம். பின்சுவரு எறங்குது."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு சொன்னா? இஞ்சினியரா?"

"வண்டு."

"நல்லா இருக்குங்க. கல்யாணமான நாள்லேருந்து என் பேச்சக் கேக்காத மனுஷன், செத்த வண்டு பேச்சக் கேட்டு என்னத் தெருவுல உக்காத்தி வைக்கப் போறாரு. விரிசல் எங்க? காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்தா நா உங்களக் கட்டியிருக்கவே மாட்டேன்."

அவர் அறை வாசலில் நின்றார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வளைவில் கால் ஒருமுறை இடித்தால் போதும், கூடிவந்த எலும்பு விலகி, பிழைத்த கால் ஆயுளுக்கும் போய்விடும். தான் நினைப்பது தவறென்றால் அந்தப் பாவம் தன் தலையில். சரியென்றால், நிற்கிற ஒவ்வொரு நொடியும் தன் தலையில். இன்னும் ஒரே ஒரு வரிசை எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். படம் பிடிப்பவன் புத்தி அப்படித்தான். திரும்பிப் போய்க் கேமராவைச் சுவரில் மாட்டி, வண்டை மேஜைமேல் வைத்து, கண்ணை நடுவில் நிறுத்தித் திருகைப் பிடித்தார்.

திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. திரையில் வண்டு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வது போல, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல். கண் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. பின்னாலேயே தாடை, முன்கால், மெழுகு. கடைசியில் திரை வெறும் சாம்பல் நிறமாயிற்று. பம்பின் இருமல் எப்போதோ நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"தையலம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருமுனை நாய் எழுந்துவிட்டது.

அவள் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்தியபடியே ஓடிவந்தாள். கேள்வி கேட்கவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். கைவைத்த நாற்காலியில் மனைவியை உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலுக்குக் கீழே தலையணையைக் கொடுத்துப் படுக்கைத் துப்பட்டியால் இறுக்கிக் கட்டினார்கள்.

"அக்கா, மூச்ச உள்ள இழுத்துக்கோங்க, கனம் கொறையும்."

"நாப்பது வருஷமா இழுத்துப் பிடிச்சுத்தாண்டி குடும்பம் நடத்துறேன். என்னங்க, காலு, காலு! சுவத்துல இடிக்காதீங்க!"

"இடிக்கல. பேசாம வா."

"பேசாம வந்தா செத்துட்டேன்னு நெனச்சுக் கீழ போட்டுடுவீங்க."

வளைவில் நாற்காலி மாட்டிக்கொண்டது. டாக்டரின் முதுகு பின்சுவரில் அழுந்தியது. சட்டைக்குள் ஏதோ ஊர்வது போலச் சுவர் மெல்ல உரசிக்கொண்டு இறங்குவது அவர் தோலுக்குத் தெரிந்தது. தையற்காரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்; அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலிக் காலை ஒருச்சாய்த்தாள். மனைவி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அவருக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பயமாக இருந்தது. அவள் அவர் சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. நாற்காலி நழுவி வளைவைத் தாண்டியது.

தெருவின் எதிர்ப்பக்கம், வெயிலில், நாற்காலியை இறக்கினார்கள். வீடு எப்போதும் போல நின்றது. கொடியில் துணி காய்ந்தது. எதிர்வீட்டு மளிகைக்காரர் வெளியே வந்து, "என்ன டாக்டரே, அம்மாவுக்குக் காத்து வாங்கக் கூட்டிட்டு வந்தாச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றாள் மனைவி. பிறகு, வீட்டைப் பார்த்தபடியே, "எவனாவது உள்ள போயிடப் போறான். கதவ இழுத்துச் சாத்திட்டு உடனே வாங்க" என்றாள்.

டாக்டர் தெருவைத் தாண்டிப் போனார். வாசற்கதவின் பிடியைப் பற்றி இழுத்தார். பாதி தூரம் வந்து கதவு நின்றது. மேல் மூலை நிலையில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பலமாக இழுத்தார். உள்ளே, மாடியில், ஏதோ ஒன்று நிதானமாக உருண்டு சுவரில் இடித்து நின்றது. நிலைச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, சல்லடையில் சலித்தது போல, மெல்லிய வெள்ளைத் தூள் இறங்க ஆரம்பித்து அவர் கைமேல், மணிக்கட்டின் ரோமங்கள்மேல், ஓசையில்லாமல் படிந்துகொண்டே இருந்தது.

"வாங்க!" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அவர் கை இன்னும் பிடியிலேயே இருந்தது.