ஒரே கோட்டில் ஒன்பது கன்றுகள்

"அக்கா, இங்க கன்னு நிக்குது. வெட்டிடவா, விடவா?"

புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கேட்டார். காலை எட்டு மணி. பதினொரு மணிக்கு அம்மாவை எடுத்துப் போக வண்டி வந்துவிடும். பின்னாலேயே உறவுக்காரர்களின் கார்கள். வீட்டு வாசலில் நாலு வண்டிக்கு மேல் நிற்காது. அதனால் பின்பக்கத்துப் பொட்டலில் ஆளுயரம் வளர்ந்திருந்த புல்லை வெட்டச் சொல்லியிருந்தாள் மகள். முந்தின நாள் மாலை அம்மா போனதிலிருந்து இப்படி ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

வெட்டிய புல்லுக்கு நடுவே மரக்கன்றுகள் தெரிந்தன. ஒன்பது. சில முழங்கால் உயரம், சில தோள் உயரம். அவள் நில அளவை செய்கிறவள். பதினாறு வருடமாகக் கோடு பார்த்துப் பிழைக்கிற கண். முதல் கன்றின் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடினாள். மற்ற எட்டும் அதன் பின்னால் மறைந்துபோயின.

இடுப்பில் இருந்த நாடாவை எடுத்து அளந்தாள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மூன்றடி. அடுத்தது பதினோரு அடி. அதற்கடுத்தது ஐந்தரை.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. மனிதர் நட்டதென்றால் இடைவெளி ஒரே மாதிரி இருக்கும். தானாக முளைத்ததென்றால் கோடு நேராக இருக்காது. இது இரண்டிலும் சேராமல் நின்றது.

"விட்டுடுங்க. வண்டியெல்லாம் இந்தப் பக்கம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இலையைப் பார்த்ததும் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"பிடிவாதக்காரி" என்றார். "எங்க இருந்துச்சு?"

"பின்னாடி பொட்டல்ல. ஒன்பது நிக்குது, ஒரே வரிசையா. நீங்க நட்டதாப்பா?"

"நானா? வரிசையிலயா?" அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துவிட்டார். "எங்கேருந்து வந்தா என்னம்மா இனிமே."

வரிசை என்றாலே அவருக்கு ஆகாது. முப்பத்தோரு வருடத்துக்கு முன் அவர் வாங்கியபோது இந்தப் பன்னிரண்டு ஏக்கரும், யாரோ ஒரே சாதி மரத்தை அணிவகுப்பு மாதிரி நட்டு, ஒரேயடியாக வெட்டிக்கொண்டு போன நிலம். அடிக்கட்டைகள்தான் மிச்சம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, முன்பு இந்த மண்ணில் என்னென்ன இருந்ததோ அதையெல்லாம் தேடித் தேடி நட்டார். காடு வந்தது. வீட்டுப் பக்கம் ஒரு பாதி, ஓடைப் பக்கம் ஒரு பாதி. நடுவில் மட்டும், ஒரு காட்டிலிருந்து மற்றதுவரை நீளமாக, அறுபது அடி அகலத்தில் ஒரு பொட்டல். கீழே பாறை, மேலே ஒரு சாண் மண். அங்கே முதலில் வேர் விடக்கூடிய மரம் ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் அவர் பிடிவாதக்காரி என்று பெயர் வைத்திருந்தார், விதை முளைக்காது என்பதால். வெந்நீரில் ஊறவைத்தார், உப்புத்தாளில் தேய்த்தார், ஆய்வகத்து அமிலத்தில் நனைத்தார். நாற்பத்தொரு சோதனை. தப்பித்தவறி நாற்றுப் பையில் முளைத்த ஒன்றிரண்டும், ஆணிவேர் பைக்குள் சுருண்டுகொண்டதால், நட்ட முதல் கோடையிலேயே கருகின.

ஆனால் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுப் பக்கத்துக் காட்டின் விளிம்பு, யாரும் ஒன்றும் செய்யாமலே, பொட்டலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. அப்பா அதைக் குறிப்பேட்டில் வருடவாரியாக எழுதி வைத்திருந்தார். 'காடு தானே நடக்கிறது.' மூன்று வருடத்துக்கு முன் அது நின்றுவிட்டது. 'மண் செத்துவிட்டது' என்பது கடைசிக் குறிப்பு.

இப்போது மிச்சம் முந்நூற்றறுபது அடி நீளம். அந்த அரை ஏக்கரைத்தான் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர் பாதை போடக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதை வந்தால் இரண்டு காடும் எந்தக் காலத்திலும் சேராது. வருடக்கணக்கில் முடியாது என்று சொன்ன அப்பா, போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சரி என்றுவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்து. அதன் பிறகு மகளோடு டவுனுக்கு, லிஃப்ட் வைத்த வீட்டுக்கு.

அப்படி வரச்சொல்லித்தான் மகள் பத்து வருடமாகச் சண்டை போட்டாள். அவள் கேட்டது அம்மாவுக்காக. இப்போது அப்பா மட்டும் வருகிறேன் என்றபோது, அது கேட்டது கிடைத்த மாதிரியே இல்லை.

பதினொன்றுக்கு வண்டி வந்தது. வந்தவர்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "உங்க காட்டைப் பார்த்தாலே மனசு குளுந்துடுதுங்க." "ஒத்தை ஆளா எப்படித்தான் வளர்த்தீங்களோ." படுத்திருந்தவளைப் பற்றி "பாவம், நல்ல மனுஷி" என்பதற்கு மேல் யாரிடமும் பேச்சு இல்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா இந்தக் காட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே ஒரு செடி நட்டதில்லை. காட்டு வேலை அப்பாவுக்கு. அம்மாவுக்கு டவுன் லாட்ஜின் விரிப்புகள். இருபத்தெட்டு வருடம், நாளுக்கு இருபது வெள்ளை விரிப்பு, கையால் துவைத்து, காயவைத்து, தேய்த்து அனுப்பினாள். அந்தக் கணக்கில் முப்பத்தோரு வருடத்தில் அம்மாவுடையது என்று இங்கே என்ன இருக்கிறது?

அடக்கம் முடிந்து திரும்பும்போது மணி இரண்டு. பண்ணைக்காரர் காருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "திங்கக்கிழமைன்னு இல்ல, நீங்க சொல்றப்போ வரேன், அவசரமே இல்ல" என்றார், அவசரமாக. பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். சித்தி மட்டும் தங்கினாள்.

சித்தி சும்மா இருக்கிற ரகம் இல்லை. வந்ததும் அம்மாவின் கட்டிலில் கிடந்ததையெல்லாம் உருவினாள். ஏழு விரிப்புகள்.

"மெஷின்ல போடலாம் சித்தி."

"எங்கக்கா படுத்ததை மெஷின்ல போடுவேனா? ஊர் துணியெல்லாம் கையால துவைச்சவடி அவ. வா, தொட்டியில தண்ணி விடு."

இரண்டு பேரும் பின்கட்டுத் தொட்டியில் துவைத்தார்கள். மூன்று முறை அலசினார்கள்; அம்மாவின் கணக்கு அது. ஒரு விரிப்பின் மூலையில் மருந்துக் கறை போகவே இல்லை. சித்தி அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் மெதுவாக அவள் கையிலிருந்து அதை வாங்கி வாளியில் போட்டாள்.

"எங்க காயப்போடறது? உள்ள இருக்கற ஸ்டாண்டுல ரெண்டுதான் புடிக்கும்."

"கொடி இருக்குமே." சித்தி கதவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு நீலக் கயிற்றுச் சுருளை எடுத்தாள். மூலையில் இரண்டு இரும்புக் குழாய்களும் சாத்தியிருந்தன. "ரெண்டு வருஷமா, மூணு வருஷமா, உடம்புக்கு வந்ததிலேருந்து அவிழ்த்து வெச்சுட்டா."

"எந்த இடத்துல கட்டுவாங்க? நான் வர்றப்போல்லாம் ஒவ்வொரு இடத்துல இருக்கும்."

"அதை ஏன் கேக்கறே. கட்டின நாலு வருஷத்துல அங்க நெழல் வந்துடும். நெழல்ல வெள்ளைத் துணி காஞ்சா வாடை வந்துடும்னு குழாயைப் பிடுங்கிட்டு வெயிலைத் தேடி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவா. காடு என்னைத் துரத்துதுடீன்னு போன்ல புலம்புவா." சித்தி சிரித்தாள். அன்றைய முதல் சிரிப்பு. "அது போதாதுன்னு இந்தப் பறவைங்க வேற. வேற உக்கார இடமே இல்லாத மாதிரி அவ கொடியில வந்து வரிசையா உக்காரும். செவப்பு செவப்பா எச்சம். துவைச்சதையே திரும்பத் துவைப்பா. உங்கத்தான் காடு வளர்க்கறார், நான் கறை வளர்க்கறேன்னு..."

மகள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சித்தி, கயிறு எவ்வளவு நீளம்?"

"எனக்கென்னடி தெரியும்?"

அவள் கயிற்றைப் பிரித்து அளந்தாள். அறுபது அடி. ஒன்பது கன்றுகளின் வரிசைக்குப் போனாள். இரண்டு முனையிலும் குழாய் நிற்கக் கல் அடைத்த குழிகள் புல் வேருக்குள் தட்டுப்பட்டன. அங்கிருந்து திரும்பிக் காட்டைப் பார்த்து நடந்தாள். பதினெட்டு அடியில் விளிம்பு. விளிம்பில் பிடிவாதக்காரிகள், அவளைவிட இரண்டு மடங்கு உயரம். ஒரு கண்ணை மூடினாள். ஒரே கோடு. இன்னும் பதினெட்டு அடி. வேறு மரங்களும் புதர்களும் நடுவில் நிறைந்திருந்தன, ஆனால் தேடினால் கோடு இருந்தது. மொத்தம் ஏழு கோடுகள். ஏழாவதில் இருந்த மரங்களைக் கட்டிப்பிடித்தால் கைகள் சேரவில்லை.

"அப்பா!" என்று அவள் கத்திய கத்தலில் சித்தி பயந்து ஓடிவந்தாள். அப்பாவும் செருப்பில்லாமல் வந்தார்.

அவள் சொன்னாள். மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக, ஆனால் எல்லாவற்றையும். வெட்டவெளியில் பறவை தரையில் இறங்காது. உட்கார ஏதாவது வேண்டும். பொட்டலில் இருந்த ஒரே கிளை அம்மாவின் கொடி. எங்கெங்கோ பழத்தைத் தின்றுவிட்டு அதில் வந்து உட்கார்ந்தன. நாற்பத்தொரு சோதனையில் வெந்நீரும் அமிலமும் செய்யாததைப் பறவையின் வயிறு செய்துவிட்டது. ஓடு இளகிய விதை நேராக மண்ணில் விழுந்தது. பை இல்லாததால் வேர் சுருளவில்லை. பாறை இடுக்கில் நேராக இறங்கியது. மேலே இருபது ஈர விரிப்புகள். முளைக்கு நிழல் அதுவே, கோடையில் தண்ணீரும் அதுவே, நாள் தவறாமல், சொட்டுச் சொட்டாக.

"கொடி நின்னுது. காடும் நின்னுடுச்சு. மண்ணு சாகலப்பா."

அப்பா ஏழாவது கோட்டு மரத்தின் பட்டையில் கையை வைத்தார். பிறகு அடுத்த கோட்டுக்கு நடந்தார்.

"பறவை போட்டுச்சு, சரி" என்றார். "ஆனா அவ எப்படி விட்டு வெச்சா? துணிக்கு அடியில ஒரு புல்லு இருக்க விடமாட்டாளே. நுனி அழுக்காகும்னு பிடுங்கிப் போட்டுடுவாளே."

"புல்லைத்தான் பிடுங்குவா அத்தான்" என்றாள் சித்தி. "கன்னு இருந்தா தொடமாட்டா. நானே ஒரு தடவை பிடுங்கப் போனேன், கையைத் தட்டி விட்டா. 'அவர் நட்டிருப்பாருடி, தெரியாம பிடுங்கினா ராத்திரி சோறு இறங்காது அந்த மனுஷனுக்கு'ன்னா."

அப்பா சித்தியைப் பார்த்தார். "நான் நட்டேன்னா?"

"ஆமா. கேட்டுக்க மாட்டீங்களா ரெண்டு பேரும்? ஒரே வீட்லதானே இருந்தீங்க?"

அவர் குனிந்தார். சருகுக்கு அடியில் துணி கிளிப் ஒன்று, பாதி மண்ணில், நிறம் வெளுத்துக் கிடந்தது. எடுத்து ஊதினார், சட்டையில் துடைத்தார், மேல்பையில் போட்டுக்கொண்டார். அப்படியே அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சித்தி மகளின் முழங்கையைப் பிடித்து, "வா, துணி அப்படியே கெடக்கு" என்று இழுத்துப் போனாள்.

குழாய்களை அவரே தூக்கி வந்தார். ஒன்பது கன்றுகளுக்குப் பதினெட்டு அடி தள்ளி, கடப்பாரையால் குழி தோண்டி, கல் அடைத்து நட்டார். கயிற்றை இழுத்துக் கட்டினார். ஒரு விரிப்பைக் கையில் எடுத்தவர், அதன் நாலு மூலையில் எது எங்கே போகும் என்று தெரியாமல் நின்றார்.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு துணி காயப்போட்டதில்லையாக்கும்" என்றாள் சித்தி.

"இல்லம்மா" என்றார் அவர்.

அவள் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல மடிங்க. அப்படியே மேல போடுங்க" என்றாள்.

மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "பதினெட்டு அடிக்கு நாலு வருஷம்னா முந்நூத்தறுபது அடிக்கு எண்பது வருஷமாகும்பா."

"ஒரு கொடிக்கு" என்றார் அப்பா.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் லாட்ஜுக்குப் போன் செய்தார். மேலாளர் துக்கம் விசாரித்தார். அம்மாவின் வெளுப்பு அதன் பிறகு யாருக்கும் வரவில்லை என்றார்.

"பெட்ஷீட்டெல்லாம் பழையபடி அனுப்பறீங்களா?" என்றார் அப்பா.

"அனுப்பலாங்க. ஆனா அங்க துவைக்க இப்போ யாரு இருக்கா?"

"நான்தான்."

பக்கத்தில் நின்ற சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு, "முதல்ல பிழியக் கத்துக்கட்டும்" என்றாள். அடுத்ததாக அப்பா பண்ணைக்காரரிடம் பேசினார். அது இன்னும் சுருக்கமாக முடிந்தது.

பகல் முழுக்க மகள் அளந்து சொல்ல, அவர் குழி தோண்டினார். பொட்டலின் குறுக்கே ஐந்து கொடிகள், எழுபத்திரண்டு அடிக்கு ஒன்று. நாலு வருடத்துக்கு ஒருமுறை ஐந்தையும் பதினெட்டு அடி ஓடைப் பக்கம் நகர்த்த வேண்டும். பதினாறு வருடத்தில் இரண்டு காடும் சேர்ந்துவிடும். அடியில் புல்லைப் பிடுங்கலாம், கன்றைப் பிடுங்கக் கூடாது. விரிப்புகளை மூன்று முறை அலச வேண்டும், இறுக்கிப் பிழியக் கூடாது, சொட்ட வேண்டும்.