இடப்பக்கம் மட்டுமே திரும்பும் இஞ்சின்

நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து முனீஸ்வரன் மேல் சத்தியம். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபிறகு அவரை மூன்று முறை இடம் மாற்றிவிட்டார்கள். இப்போது தொழிற்சாலைகளுக்குப் பின்னால், ஒரு டயர் கடையின் வேலியோரமாக இருக்கிறார். சத்தியத்தை அந்தப் புது விலாசத்துக்கே செய்திருக்கிறேன்.

என் பெயர் தம்புசாமி. வயது எழுபத்து நான்கு. மலாக்காவில், புக்கிட் ரம்பாயில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரில். வாரத்தில் ஐந்து நாள் நான் யாரிடமாவது பேசினேன் என்றால் அது ஹனிபாவிடம்தான். தங்கா பத்துவில், கடலுக்குப் பக்கத்தில் அவன் வீடு. மளிகைக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு அவனும் சும்மா இருந்தான். எழுபத்து மூன்று வயதுக்காரனை 'அவன்' என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நீராவி ரயில் இஞ்சின் செய்வது என்று முடிவெடுத்தோம். ஒரு சாண் நீளம். ரெசின் என்கிற பிசினை ஒளி காட்டி இறுகவைத்து அச்சடிக்கிற மிஷின் வந்திருக்கிறதல்லவா, ஈப்போவில் ஒருவர் அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இஞ்சின் உடம்புகளை அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறார். உடம்பு மட்டும்தான். கொதிகலன், புகைபோக்கி, டிரைவர் நிற்கிற கூண்டு. சக்கரமும் மோட்டாரும் வேறு இடத்தில் வாங்கவேண்டும். உடம்பு என் பொறுப்பு, சக்கரமும் மோட்டாரும் ஹனிபா பொறுப்பு.

உடம்பு வந்தபோது அடியில் முள்ளம்பன்றி மாதிரி நாற்பத்து மூன்று முட்டுக்கால்கள். அச்சடிக்கும்போது அது சரியாமல் இருக்க வைப்பது. நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். ஹனிபா ஒரு பிஸ்கட் டின்னில் மோட்டார் பூட்டிய சக்கரத்தைக் கொண்டுவந்தான். மேலே உடம்பை வைத்தோம். 'டக்'கென்று உட்கார்ந்தது. ரெண்டு பேரும் மாறிமாறித் தூக்கிப் பார்த்தோம்.

அப்புறம் நான்தான் வாயைத் திறந்தேன்.

"கறுப்பு பெயின்ட் வாங்கியாச்சு பாய்."

"கறுப்பா? மலாக்கா லைன்ல ஓடுன இஞ்சின் பச்சைலா. எங்க அத்தா தம்பின் ஸ்டேஷன்ல பதினோரு வருஷம் டீ வித்தவரு."

"எங்கப்பா அதே லைன்ல சிலிப்பர்கட்டை மாத்துனவரு. கறுப்புன்னுதான் சொன்னாரு."

"உங்கப்பா குனிஞ்சே வேலை பார்த்தவருடா. அடிப்பக்கம் கறுப்பாத்தான் இருக்கும்."

"உங்க அத்தா டீயைக் குடிச்சவனுக்கு எதுவும் பச்சையாத்தான் தெரியும்."

ஹனிபா சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் உடம்பைத் தூக்கி மேசைமேல் வைத்தான். சக்கரத்தை டின்னுக்குள் போட்டு மூடினான். "அத்தாவ இழுத்துட்டே" என்றான். மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். இதில் விசேஷம், யுத்த காலத்தில் ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபோது நாங்கள் ரெண்டு பேருமே பிறக்கவில்லை.

ஏழு மாசமாயிற்று. நோன்புப் பெருநாளுக்கு எனக்கு மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு வரவில்லை. தீபாவளிக்கு அவனுக்கென்று தனியாக எடுத்துவைத்த முறுக்கு டின்னை நான் திறக்கவில்லை. அடுத்த வீட்டு பவானேஸ்வரி ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் கேட் வழியாக எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மாமா, ரயில் இன்னும் கிளம்பலையா?"

"சிக்னல் விழல."

"ஒரு போன் பண்ணுங்களேன்லா. விரல் தேஞ்சா போயிடும்?"

"அவன் பண்ணட்டும்."

"நல்லா இருக்கு. ரெண்டு பேரும் ஸ்டேஷன்லயே உக்காந்திருங்க."

அவள் போனபிறகு யோசித்தேன். பச்சையும் ஒரு டப்பா வாங்கினேன். இடது பக்கம் பச்சை, வலது பக்கம் கறுப்பு அடித்தேன். இன்னும் நன்றாக இறுகட்டும் என்று துணிக்கொடியில் கிளிப் போட்டு வெயிலில் தொங்கவிட்டேன். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். எழுந்து பார்த்தால் இஞ்சின் வாழைப்பழம் மாதிரி இடது பக்கமாக வளைந்துவிட்டது.

வளைந்தால் என்ன? புகைபோக்கியில் ஒரு துண்டு சாம்பிராணியைப் பற்றவைத்துத் தரையில் விட்டேன். ஓடியது. சக்கரத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டு ஓடியது. அப்படியென்றால் ஒரே இடத்தைத்தானே சுற்றும்? சுற்றியது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிது. எட்டாவது சுற்றில் கேட்டுக்கு அடியில் நுழைந்து ரோட்டுக்கு வந்தது. முப்பதாவது சுற்றில் பக்கத்து ஊரான பாயா ரும்புட்டைத் தொட்டது. நான் காலில் போட்ட சிலிப்பரோடு பின்னாலேயே ஓடினேன். சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றது. மண் லாரிக்காரன் ஒருவன் ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றினான். போலீஸ்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "இதுக்கு ரோட் டேக்ஸ் இருக்கா?" என்றார். தண்டவாளத்து வண்டிக்கு ரோட் டேக்ஸ் எதற்கு என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடல் காற்று முகத்தில் அடித்தது. தங்கா பத்து. ஹனிபா வீடு. அங்கே போனதும் வட்டம் பெரிதாகாமல் நின்றுவிட்டது. அவன் வீட்டை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. ஏன் என்று இஞ்சினைத்தான் கேட்கவேண்டும்.

உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்கு இடது பக்கம் மட்டும்தான் தெரியும். வெளியே வேலியோரம் நின்ற எனக்கு வலது பக்கம் மட்டும்.

ஹனிபா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான்.

"யாருடா அது, சாம்பிராணி போட்டுக்கிட்டு வர்றது?"

"நான்தான் பாய்."

"பார்த்தியா? பச்சை. சொன்னேனா இல்லையா?"

எனக்கு நேரே கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கன்னங்கறேல் என்று. மைபோலக் கறுப்பு. எங்கப்பாவை நினைத்துக்கொண்டேன்.

"ஆமா பாய். பச்சைதான்" என்றேன்.

"ஏழு மாசம் ஆச்சு உனக்கு இதைச் சொல்ல. உள்ள வா. டீ போடச் சொல்றேன்."

போனேன். டீ நன்றாக இருந்தது. அவன் அத்தா கைப்பக்குவம் என்றான். நான் ரெண்டாவது கப்பும் கேட்டேன். இஞ்சின் வெளியே சுற்றிக்கொண்டே இருந்தது. சாம்பிராணி வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

சக்கரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அது இன்றைக்கும் தங்கா பத்துவில், ஹனிபா வீட்டில், மூடிய பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கிறது.