தொடாத வெளிச்சம்

டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பவர் எதிரில் உட்கார்ந்தால் முரளீதரனுக்குச் சோறு இறங்காது. எச்சில் என்றால் அப்படி ஓர் அருவருப்பு. கல்யாணமான புதிதில் மனைவி வத்ஸலா கடித்துவிட்டு ஆசையாக நீட்டிய மாம்பழத்தையே வேண்டாமென்றவர். அப்பேர்ப்பட்டவருக்கு முன்பல் சொத்தையாகி விளிம்பு உடைந்தது. போன வாரம் கோயிலில் எதிரெதிர் வரிசையாக நின்று பாசுரம் சொல்லும் கோஷ்டியில் சேவிக்கும்போது, அந்த ஓட்டை வழியாக ஒரு துளி எச்சில் பறந்து எதிர்வரிசை ராம்ப்ரஸாத்தின் கன்னத்தில் விழுந்தது. அவன் உத்தரீயத்தால் துடைத்துக்கொண்டு வரி தவறாமல் தொடர்ந்தான். முரளீதரனுக்குத்தான் குரல் செத்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை உற்சவம் தொடங்குகிறது. பல்லை அடைக்காமல் கோஷ்டியில் நிற்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

ஊரார் வாய்க்குள்ளெல்லாம் போய்வந்த பல் துளைக்கும் மிஷினை நினைத்தாலே குமட்டியது. காந்தி ரோட்டில் பல் டாக்டர் அனு அதற்குப் பதிலாக லேசர் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அது பல்லைத் தொடுமா என்று போனில் விசாரித்தார். தொடாது, வெளிச்சம்தான் படும் என்றாள். வெளிச்சத்துக்கு ஏது எச்சில்? மனிதர் நிம்மதியாகக் கிளம்பினார்.

நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெளிச்சம் தொடவில்லை, மற்றதெல்லாம் தொட்டது. ரப்பர் விரல்கள் உதட்டை மடக்கின. ஒரு குழாய் கன்னத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு எச்சிலைச் சர்ரென்று உறிஞ்சியது. வெளிச்சம் கூசாமலிருக்க அவர் கண்ணுக்கு மாட்டிவிட்ட கண்ணாடியில் யாருடைய வியர்வையோ வாடையடித்தது. கடுகு வெடிப்பதுபோல் பல் படபடத்தது, கூடவே நகம் கருகும் நாற்றம். தீய்வது தன் உடம்புதான். தண்ணீரும் பல்தூளும் எச்சிலும் சாரலாகத் திரும்பி அவர் மூக்கிலேயே தெறித்தன. சீ, இதுவும் ஒரு வாயா என்றிருந்தது. அவள் கையைத் தள்ளிவிட்டு எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார்.

கொப்பளிக்கக் கொப்பளிக்க நாற்றம் போகவில்லை. நாக்கு தானாகப் போய்ப் பல்லைத் தடவிப் பார்த்தது. சொத்தையைச் சுரண்டிய இடத்தில் ஓட்டை முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"போறும்மா, என்னால ஆகாது" என்று திரும்பிச் சொன்னார். சொன்ன வேகத்தில் துளி பறந்தது.

"பாதியில விட்டா இன்னும் தெறிக்கும் சார். வெள்ளிக்கிழமை சேவிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவருக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. அனு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு நாற்காலி அருகில் உட்கார்ந்தாள். அவள் கண்ணாடியில் பல்தூள் கலந்த அவருடைய எச்சில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதிலிருந்து ஒரு துளி மெல்ல வழிந்து கன்னத்துக்கு இறங்கியது. அவள் அதைத் துடைக்காமல், அவர் வந்து உட்காரக் காத்திருந்தாள். முரளீதரன் துண்டால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு அந்தத் துளியையே பார்த்தபடி நின்றார்.