முழங்காலில் ஒரு தட்டு

சனிக்கிழமை சாயங்காலமானால் அந்த பப்பில் ப்ளூஸ் பாட்டு. ப்ளூஸ் என்றதும் மிரண்டுவிடாதீர்கள். மனசு கனக்கிறவர் ஒரு வரி பாடுவார். ஆறாமல் அதையே இன்னொரு தரம் பாடுவார். மூன்றாவது வரியில்தான் கனம் கொஞ்சம் இறங்கும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் கேட்பார்கள். அவ்வளவுதான்.

மேடைக்கு எதிரே, கழிப்பறைக் கதவை ஒட்டிய மூலையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் சவுண்டு என்றே கூப்பிடுவார்கள். எந்தக் குரலை ஏற்றுவது, எந்தக் கிதாரை இறக்குவது என்பதெல்லாம் அவர் விரலில் இருந்தது. அவருக்குக் காது போய்விட்டது என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரேயடியாகப் போகவில்லை, பாவம். முதலில் வலது காது. இடது காதில் இப்போது தூரத்து மழை மாதிரி ஓர் இரைச்சல்தான் மிச்சம். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். வேலைக்கு என்ன செய்வது? பகலெல்லாம் தையல் மெஷின் மிதிக்கிற மனைவி, சனிக்கிழமைகளில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேசைக்கடியில் அவள் கை அவர் முழங்காலில் இருக்கும். ஒரு தட்டு தட்டினால் குரலை ஏற்ற வேண்டும். கிள்ளினால் இறக்க வேண்டும். கை சும்மா இருந்தால் எல்லாம் சரி.

"கல்யாணமான நாள்லேர்ந்து சேத்து வெச்சதை எல்லாம் இப்பக் கிள்றியாக்கும்?" என்பார்.

"பாக்கி நிறைய இருக்கு. பேசாம வேலையைப் பாருங்க."

பார்த்தவர்கள், இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பாட்டுக்காரி துக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக மேடையேறினாள். பக்கத்தில் நின்று மவுத் ஆர்கன் வாசிக்கும் அவளுடைய அண்ணன் போன மாதம் இறந்துபோயிருந்தான். ஆரம்பிக்கும் முன் மிக்சர் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, கடைசிப் பாட்டு எங்கண்ணனுக்கு. கத்த மாட்டேன். அவன் காதுல சொல்ற மாதிரிதான் பாடுவேன். உங்களை நம்பித்தான்."

உதட்டைப் படித்துவிட்டு, "நான் பாத்துக்கறேம்மா," என்றார்.

அவள் நகர்ந்ததும் மனைவி அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இன்னிக்காவது சொல்லிடுங்கன்னேனே."

"அவ துக்கத்துல இருக்கா. என் குறையை இப்பத்தான் சொல்லணுமா?"

"அந்தத் துக்கத்தைத்தாங்க உங்க கையில குடுத்துட்டுப் போறா."

அவர் முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவரோடு வாதாட முடியாது. காது போனதில் அவருக்கு அது ஒரு வசதி.

மற்றப் பாட்டுகள் தட்டும் கிள்ளுமாக நல்லபடியாகவே போயின. கடைசிப் பாட்டு வந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். கிதார் மட்டும். பாட்டுக்காரி மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டு, தூங்குகிறவனை எழுப்பிவிடாமல் பேசுகிற மாதிரிப் பாடினாள். அறையில் ஒரு நாற்காலி நகரவில்லை.  அவர் மனைவி கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். எடுத்ததுகூட அவளுக்குத் தெரியாது.

அவருக்குத் தெரிந்தது. முழங்கால் வெறுமையானது. திரும்பினார், மனைவி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். மேடையைப் பார்த்தார், பாட்டுக்காரியின் உதடு அசைந்தும் அசையாமலும் இருந்தது. ஐயோ, குரல் யாருக்கும் எட்டவில்லை, அதற்குத்தான் இவள் அழுகிறாள் என்று நினைத்துவிட்டார். குமிழை மேலே திருகினார்.

மைக் வீலென்று அலறியது. அந்த அலறலை அவர் கண்ணால்தான் கண்டார்: அறையே காதைப் பொத்திக்கொண்டது. மனைவி பாய்ந்து குமிழைத் திருப்பினாள். பாட்டு நின்றுவிட்டது.

"யோவ் சவுண்டு! தூங்கிட்டியாய்யா?" என்று யாரோ கத்தினார்கள்.

கிதார்க்காரன் நல்ல பையன். "ஒயர் லூஸாண்ணே?" என்று எடுத்துக்கொடுத்தான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அதோடு முடிந்திருக்கும்.

அவர் எழுந்து நின்றார்.

"ஒயர்ல ஒண்ணுமில்ல தம்பி. எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாச்சு. இவ தட்டித் தட்டிச் சொல்ல ஓட்டிக்கிட்டிருந்தேன்." பிறகு பாட்டுக்காரியைப் பார்த்தார். "உங்கண்ணன் பாட்டைக் கெடுத்துட்டேம்மா."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நேர்ல வந்து கேட்டேனே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"உங்களை நம்பித்தானே அவ்வளவு சின்னக் குரல்ல பாடினேன்?"

 தலை குனிந்து நின்றார். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பப் முதலாளியைப் பார்த்து, "அடுத்த வாரத்துக்கு வேற ஆள் பாத்துக்குங்க," என்றார் அவர். முதலாளி துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தார்.

பாட்டுக்காரி மைக்கை அதன் கம்பியில் மாட்டினாள். மேடையை விட்டு இறங்கி, மேசைகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் அணைச்சிடுங்க," என்றாள், அவருக்குப் புரியும்படி நிதானமாக. "நீங்களே அணைங்க. முதல்லேர்ந்து பாடறேன்."

அவர் ஒவ்வொரு குமிழாக இறக்கினார். பெட்டியின் சின்ன விளக்குகள் அணைந்தன. கிதார்க்காரன் கரண்டு வேண்டாத மரக் கிதாரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டான்.

அவள் பாடினாள். செய்ய வேலை எதுவும் இல்லாமல் அவர் நின்றார். உதட்டை எட்டிப் பார்க்கவும் முயலவில்லை. தொழில் பழக்கத்தில் கண் மட்டும் அறையின் கோடிக்குப் போனது. வாசலோரக் கடைசி மேசையில் எப்போதும் சீட்டாட்டத்தில் சண்டை போடும் இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவன் போட எடுத்த சீட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். மற்றவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"கடைசி மேசைக்கும் கேக்குது," என்றார் மனைவியிடம்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது. யாரும் திரும்பவில்லை. பாட்டுக்காரி மட்டும் தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.