பன்னிரண்டாவது படம்

கொடியைப் பிடுங்கியது நான்தான். தோமினிக் பிடுங்கச் சொன்னார், நான் பிடுங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சி கடைத்தெருவில் அப்புறம் ஆளுக்கொரு கதை கட்டினார்கள், ஒன்றிலும் என் பேர் சரியான இடத்தில் இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். சிங்கவரத்தில் விநாயகத்தின் மானாவாரிக் கொல்லை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியதிலிருந்து சும்மா கிடந்தது. அதன் நடுவில் சாக்கும் பனையோலையும் போட்டு, ஒளிந்திருந்து படமெடுக்க ஒரு குடிசை, ஒரு ஆள் குப்புறப் படுக்கலாம், அவ்வளவுதான். அதற்கு எட்டடி முன்னால் வெறும் தரையில் இரண்டு முட்டைகள். தரையிலேயே முட்டையிடும் கண்கிலேடிப் பறவையின் முட்டைகள். பக்கத்தில் இருக்கும் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாமல் போய்விடக் கூடாதே என்று சனிக்கிழமை விநாயகமே தன் பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு குச்சியில் கட்டி, முட்டைக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்தார். அன்றைக்குத்தான் கோடை மழை பெய்து மண் பதமாகியிருந்தது.

"திங்கக்கெழம காலையில பொன்னேர் பூட்டுறோம். கொடி எங்க இருக்குதோ அத சுத்தி ஓட்டிக்குறேன், தோமினிக்கு. அந்தக் குருவிய என் கண்ணால கண்டுபுடிக்க முடியாது. கொடிதான் எனக்குக் கணக்கு" என்றார். வருஷத்தின் முதல் உழவு அது. முதல் சால் கொல்லையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நிற்காமல் போக வேண்டும், நடுவில் ஏர் நின்றால் அந்த வருஷம் ஆகாது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. போன வருஷம் மழை பொய்த்து மல்லாட்டை மொத்தமும் காய்ந்து போயிருந்தது. அதனால் இந்த வருஷம் அவருடைய அம்மா ராஜாம்பாள் இரண்டு மடங்கு கெடுபிடியாக இருந்தார்.

தோமினிக் என் வீட்டுக்காரர். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பதினைந்து வருஷமாகக் கல்யாணமும் சாவும் எடுத்த மனுஷன். நெகட்டிவில் பென்சில் வேலை என்னுடையது. அம்மைத் தழும்பை ஆற்றுவேன், செத்தவர்களுக்குக் கண் திறப்பேன். போன வருஷம் இந்தப் பறவையைப் படம் எடுத்து மெட்ராஸ் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். "கற்கள் நன்றாக விழுந்திருக்கின்றன. பறவை எங்கே?" என்று பதில் வந்தது. அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனசு கேட்காமல் நான் நெகட்டிவை எடுத்து, அந்தப் பெரிய கண்ணைச் சுற்றி ஒரு கோடு, சிறகு ஓரமாக ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். மறுபடி அனுப்பினார். "கைவேலை தெரிகிறது. கை படாத படம் இருந்தால் அனுப்புங்கள், அட்டையில் போடுகிறோம்" என்று எழுதிவிட்டார்கள். அட்டை என்ற அந்த வார்த்தை அவருக்குப் பேய் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. அட்டைப் படத்துக்குக் கீழே எடுத்தவர் பேர் போடுவார்கள். பிணத்துக்குக் கீழே யார் போடுகிறார்கள்?

பிலிம் கிடைக்காத காலம் அது. மெட்ராஸ் வரைக்கும் அலைந்து வாங்கி வந்த ஒரே ரோல், பன்னிரண்டு படம். ஆறு நாளாகக் குடிசையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பறவையைப் பழக்கி, பதினொன்றை எடுத்துத் தீர்த்துவிட்டார். பதினொன்றிலும் அது கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்திருந்ததாம். படுத்தால் அது கல்தான். எழுந்து நிற்க வேண்டும். மிச்சம் ஒன்றுதான்.

தினமும் நானும் கூடப் போவேன். இரண்டு பேராகக் குடிசைக்குப் போய், நான் மட்டும் திரும்பி வந்துவிட்டால் ஆள் போய்விட்டது என்று பறவை நம்பிவிடும். அதற்கு எண்ணத் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான். உள்ளே புகுந்து கேமராவில் பார்த்தவர், "அந்தக் கொடிய எடுத்துடு லில்லி. குறுக்க நிக்குது" என்றார்.

"ஏர் வருமேங்க."

"எட்டு மணிக்கு மேலதான் வருவாங்க. கஞ்சி குடிக்காம எவன் ஏர் பூட்டுவான்? அதுக்குள்ள முடிச்சுட்டு நட்டுடலாம்."

பிடுங்கிக்கொண்டு வரப்புக்கு வந்து பனைமரத்தடியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பறவை எங்கிருந்தோ குடுகுடுவென்று ஓடி வந்து, நின்று, மறுபடி ஓடி, முட்டை மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் காணாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும். சிங்கவரத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி பார்த்துப் போகும் எங்களுக்குத் தெரியவில்லை. ஏர் பூட்டுகிறவர்கள் அதற்கு முன்னாலேயே பூட்டிவிட வேண்டும். வெயில் அப்போதுதான் ராஜகிரி மலை உச்சியிலிருந்து கொல்லைக்கு இறங்கியிருந்தது. கிழக்கு வரப்பில் கற்பூரம் எரிவதைப் பார்த்தேன்.

மூன்று ஏர். கொம்புகளில் பூ. முன் ஏரில் விநாயகம், அடுத்ததில் அவருடைய பண்ணையாள் தனகோட்டி, கடைசியில் எனக்குத் தெரியாத ஒருவர். ராஜாம்பாள் வரப்பில் நின்று எதையோ தூவினார். விநாயகம் நெற்றியில் கை வைத்துக் கொல்லை முழுக்கப் பார்த்தார். கொடி என் மடியில் கிடந்தது. தார்க்குச்சியை ஓங்கி, "ஹை" என்றார்.

நேராக வந்தார்கள். எழுந்து நின்றால் பறவை ஓடிவிடும். ஓடினால் அவருடைய ஒரு வருஷம் போச்சு. ஏரை நிறுத்தினால் விநாயகத்தின் ஒரு வருஷம் போச்சு. சும்மா இருந்தால் முட்டை போச்சு. தோமினிக் கத்துவார் என்று நினைத்தேன். எட்டடியில் இருப்பவர், மாட்டு மணி அவருக்குக் கேட்காமலா இருக்கும்? இப்போது கத்துவார், இதோ இப்போது கத்திவிடுவார் என்று குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குடிசை ஆடக்கூட இல்லை. மாதாவே, எனக்கு அந்த நிமிஷத்தில் அந்த மனுஷன் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் பூசணிக்காய் மாதிரி சோற்றில் மறைக்க முடியாது.

மாடுகள் நெருங்கியதும் தரையிலிருந்து அது எழுந்தது. ஓடவில்லை. இரண்டு சிறகையும் விரித்து, உள்ளேயிருந்த கறுப்பும் வெள்ளையும் தெரிய, அந்த மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டு மாட்டுக்கு எதிரே நின்றது. இரண்டு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் அது.

நான் ஓடினேன். கத்தினேனா என்று தெரியாது. கொடியோடு போய் மாட்டுக்கு முன்னால் நின்றபோது விநாயகம் கயிற்றை இழுத்து மேழி மேல் சாய்ந்துவிட்டார். இடது மாட்டின் கால் தூக்கியது தூக்கியபடி நின்றது. குடிசைக்குள் 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது.

ஏர் நின்றுவிட்டது. பின்னால் வந்த இரண்டும் நின்றன. "மொத சால்லயே நிறுத்திப்புட்டாளே" என்று ராஜாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். விநாயகம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் கையிலிருந்த கொடியைப் பார்த்தார்.

"கொடிய தேடிக்கினேதாம்மா வந்தேன். காணோம்ன ஒடனே குஞ்சு பொரிச்சிப் போயிட்டுதுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

தோமினிக் தலையெல்லாம் ஓலைத்தூசியோடு வெளியே வந்தார். "கெடச்சிடுச்சு லில்லி!" என்றார். கண்ணில் தண்ணீர். அதைச் சொன்ன பிறகுதான் ஏர் நிற்பதைப் பார்த்தார். விநாயகம் மாட்டை ஒடித்துத் திருப்பி, முட்டையைச் சுற்றிக் கோணலாக ஓட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானமே கழுவிப் பிரிண்ட் போட்டுக் காயவைத்துவிட்டார். நான் பார்த்த அத்தனை படத்திலும் அதுதான் நல்ல படம், பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு இறகும் தெரிந்தது. கண்ணில் வெயில் விழுந்திருந்தது. என் பென்சிலுக்கு அதில் வேலையே இல்லை. மேல் ஓரத்தில் மாட்டுக் குளம்பு, பறவையின் தலைக்கு மேல் அந்தரத்தில். வலது ஓரத்தில் புழுதியோடு என் இரண்டு கால்.

"மேல ரெண்டு வெரக்கட, இந்தப் பக்கம் ஒரு வெரக்கட. வெட்டிட்டா போதும்" என்று கட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். வெகு நாளுக்கப்புறம் சீட்டியடித்தார்.

"குளம்பு கேமராவுல தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"எப்ப?"

சீட்டி நின்றது. "மாடு பத்தடி தூரத்துல வர்றப்பவே" என்றார். அந்த மனுஷன் என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

"நான் வரலன்னா?"

படத்தைக் கட்டரில் வைத்து, கோட்டுக்கு நேராகச் சரிபார்த்தார். "கை படாத படம் கேட்டாங்க. வெட்டுறது கைபடுறது இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ராஜாம்பாள் இந்நேரம் வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று மதியம் தனகோட்டி கடை வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதுவும் இவர் காதில் விழுந்துதான் இருக்கும்.

நான் ஆள்காட்டி விரலை அந்தக் குளம்பின் மேல் வைத்தேன். விரலுக்கு இந்தப் பக்கம் பறவை.

"வெரல எடு லில்லி" என்றார்.

கட்டரின் கத்தி மேலே தூக்கி நின்றது. கைப்பிடியை அவர் விடவில்லை. நான் விரலை எடுக்கவில்லை.