சக்கரம் தரையில் நிற்கும்போது

என் வீட்டுக்காரர் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி வாசலில் கிடத்தியபோது மணி எட்டுகூட ஆகவில்லை. இட்லிக் குண்டானில் இன்னும் ஆவி வரவில்லை. "சாப்ட்டுட்டு ஆரம்பிங்களேன்" என்றேன். "அரை மணி நேர வேலை புள்ள, முடிச்சுட்டே வரேன்" என்றார். சிங்காரவேலுவின் அரை மணி நேரத்தை நான் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். கடையில் டீ சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் ரோட்டை இரண்டு தரம் கடந்து வந்துவிடுவார். உட்கார்ந்து சாப்பிடும்போதும் வலதுகால் ஆடிக்கொண்டே இருக்கும். தூக்கத்திலாவது ஓயுமா என்று கல்யாணமான புதிதில் நான் விழித்திருந்து பார்த்திருக்கிறேன். ஓயாது.

அரியலூர் சிமெண்டு ஆலையில் வேலை. பெரம்பலூரிலிருந்து தன்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தினமும் இந்தக் காரில்தான் போய் வருகிறார். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த ரோடு. ஒவ்வொரு குழியிலும் வண்டியின் முன்பக்கம் டொக் டொக்கென்று அடித்துக்கொள்ளும். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக்கை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் வைத்த ஓர் உருளை உண்டு. புஷ் என்பார்கள். அது கிழிந்து ஆறு மாதமாகிறது. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தோடே ஓட்டினார். வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். போனால் முதல் கேள்வி, "உங்க மச்சானே மெக்கானிக்காச்சே சார்" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பயந்துதான் இன்றைக்கு வாசலிலேயே கடை விரித்திருந்தார்.

அந்த மச்சான் என் அண்ணன் வேம்பு. அரும்பாவூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறது. வருகிற ஞாயிறு செட்டிகுளம் மலைக்கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் தாய்மாமனுக்கு இன்னும் தட்டு வைத்துச் சொல்லவில்லை. சொல்லப் போவதில்லை என்று இவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "மடிதானே வேணும்? ஒஞ் சித்தப்பா மவன் ராஜா இருக்கான்ல. அவனுக்கும் மடி இருக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. இவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

செல்போனை பானெட்டின் மேல் சாய்த்து வைத்து, புஷ் மாற்றும் வீடியோ ஒன்றைப் போட்டார். அதில் வந்த ஆள் நிதானமாகப் பேசினான். இவருக்குப் பொறுக்கவில்லை. கிரீஸ் படாத சுண்டுவிரலால் தள்ளித் தள்ளி இருபது நிமிட வீடியோவை நாலு நிமிடத்தில் பார்த்து முடித்தார். இரும்புக்கையைக் கழற்றி வெளியே எடுத்தார். நீளமான போல்ட் ஒன்றையும் குழாய்த் துண்டு ஒன்றையும் வைத்து முறுக்கி முறுக்கி, பழைய புஷ்ஷைப் பிதுக்கித் தள்ளினார். கெட்டிக்காரர்தான். அதில் குறை சொல்ல முடியாது. பொறுமை மட்டும் இருந்திருந்தால் ஊரையே கட்டி ஆண்டிருப்பார்.

"பாரு, உங்கண்ணன் போட்ட லட்சணத்த. ரெண்டு மாசங்கூட தாங்கல. டூப்ளிகேட்டு சாமான்" என்று பழைய புஷ்ஷை என் கையில் போட்டார்.

பார்த்தேன். ரப்பர் தேயவில்லை. துணியைப் பிழிந்த மாதிரி ஒரே பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது. ஏன் அப்படிக் கிழிந்தது என்று எனக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் நான் அண்ணன் கடைக்குத்தான் போவேன். புஷ் மாற்றும் வேலை வந்தால் கடைசியில் என்னைக் கூப்பிடும். "குழலி, ஏறி உக்காரு" என்று கார் சீட்டில் உட்கார வைக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கக் கூடாது. வண்டி தரையில் இறங்கி, ஆள் பாரமும் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஓட ஓடக் கிழியும். நான் புத்தகப் பையோடு உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்பேன், அண்ணன் அடியில் படுத்து இறுக்கும். பாரத்துக்கு எனக்குக் கிடைத்த கூலி அந்த மிட்டாய்.

தை மாதம் இந்தக் காருக்கும் அண்ணன்தான் புஷ் போட்டது. வேலை முக்கால்வாசி முடிந்தபோது உழவு டிராக்டர் ஒன்று நடுரோட்டில் நின்றுவிட்டதென்று ஆள் வந்தது. "தொடாதீங்க மாப்ள, வந்து எறக்கி டைட் வச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் போனது. இவருக்கு மதிய ஷிப்ட். பத்து நிமிடம் கடைக்குள் நடந்தார். பதினோராவது நிமிடம் ஸ்பேனரை எடுத்து, சக்கரம் தொங்கத் தொங்க அத்தனையையும் இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன். பார்த்தேன். சொல்லவில்லை. கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கு முன்னால் சொன்னால் இவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வண்டி கிளம்பிவிட்டது.

பங்குனியில் புஷ் கிழிந்தது. இவர் நேரே அரும்பாவூர் போய், கடையில் ஆட்கள் இருக்கும்போதே டூப்ளிகேட் போட்டு ஏமாற்றிவிட்டதாகக் கத்தினார். "என் கடையில நின்னுக்கிட்டு என்னையவே திருட்டுப் பயங்கிறீங்களா மாப்ள" என்று அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டதாம். அதோடு சரி, போன்கூட இல்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் தள்ளினேன், ஒரு வாரம் தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

பத்து மணிக்குப் புதுப் புஷ் ஏறிவிட்டது. இரும்புக்கையை மாட்டி, போல்ட்டைச் செருகி, நீளமான ஸ்பேனரை வைத்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார். ஜாக்கியின் மேல் வண்டி நின்றது. சக்கரம் மாட்டும் இடம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தால் இதுவும் கார்த்திகைக்குள் கிழியும். இவர் கடைக்காரனைத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ராஜா மடியில் என் பிள்ளை அழும்.

"நிறுத்துங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"என்ன?"

"எறக்காம டைட் வைக்காதீங்க. அன்னைக்கும் நீங்க இப்புடித்தான் வச்சீங்க. அதான் கிழிஞ்சுது. அண்ணன் மேல தப்பு இல்லங்க."

காலை எடுத்தார். என்னையே பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு மாசமா தெரியுமா?"

"பயந்துட்டேங்க."

கத்துவார் என்று நினைத்தேன். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தெருமுனை வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். இட்லி ஆறிக் கல்லாகிவிட்டது. மூன்றாவது தடவை வந்தவர் செல்போனை எடுத்து, அந்த வீடியோவை முதலிலிருந்து போட்டார். குத்துக்கல்லில் உட்கார்ந்து, ஒரு தடவைகூடத் தள்ளாமல், அந்த ஆள் பேசியது முழுவதையும் கேட்டார். பதினாறாவது நிமிடத்தில் அவன் சொன்னான், வண்டியை இறக்கிவிட்டு இறுக்குங்கள் என்று. இவர் அந்த இடத்தை இரண்டு தரம் கேட்டார்.

பிறகு சக்கரத்தை மாட்டினார். ஜாக்கியை இறக்கி, முன்சக்கரம் இரண்டையும் கனமான பலகைகளின்மேல் நிறுத்தினார். சிமெண்டுச் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. வலதுகால் ஆடிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ டைட் வைக்கணும்னு கேளு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"யாருகிட்ட?"

"யாருகிட்டயா? போன எடு புள்ள."

அண்ணன் நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இனி எடுக்காது என்று நினைத்தபோது எடுத்தது. பின்னால் காற்றடிக்கிற மிஷின் சத்தம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, அவரு காருக்கு புஷ் மாத்துறாரு. எவ்ளோ டைட் வைக்கணும்னு கேக்கச் சொன்னாரு."

மிஷின் நின்றது. அண்ணன் போனை வைத்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி எறங்கி நிக்குதா?" என்றது.

நான் வாயெடுப்பதற்குள் அடியிலிருந்து பதில் வந்தது. "இந்தத் தடவ எறக்கிட்டேன் மச்சான்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது அண்ணனா, கடைக்கு வந்தவர்களா என்று தெரியவில்லை.

"குழலி" என்றது கடைசியில். "வெளியிலயா நிக்கிற? ஏறி உக்காரு. பாப்பாவையும் தூக்கிக்க."

முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி மெல்ல அமுங்கியது. போனை முன்னால் வைத்தேன். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ஏறிட்டா மச்சான், சொல்லுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. பாப்பா என் வளையலை இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு வழியாகக் குனிந்து பார்த்தேன். சாக்குக்கு வெளியே அவருடைய இரண்டு கால்களும் நீட்டியது நீட்டியபடி இருந்தன. வலதுகால் ஆடவில்லை.