பொம்மை மிஸ் சொன்னது

பள்ளியில் மூன்று ஆலோசகர்கள். கீழ் வகுப்புகளுக்குப் பொம்மை மிஸ். நடு வகுப்புகளுக்கு இன்னொரு மிஸ். சண்டை, போன், காதல் எல்லாம் அவள் பாடு. மேல் வகுப்புகளுக்குக் காலேஜ் சார். அவர் அறையில் பொம்மை கிடையாது. சுவர் முழுக்கக் கல்லூரிக் கட்டடங்களின் படங்கள்.

பிளஸ் டூ படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரி வேண்டும். அப்பாவுக்கு அவள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். அதைப் பேசத்தான் சார் இருவரையும் அழைத்திருந்தார். மதிப்பெண்ணைச் சொன்னார், விடுதியின் பாதுகாப்பைச் சொன்னார். அப்பா மசியவில்லை. இருப்பதே நாங்கள் இரண்டு பேர், இவளையும் அனுப்பிவிட்டு மிக்ஸியோடவா பேசுவது என்று சிரித்தார்.

சார் குரலைத் தணித்தார்.

"எட்டு வயசுலேர்ந்து மனசுல ஒண்ண வெச்சுப் புழுங்கிட்டிருக்கா சார். அவங்க அம்மா வீட்டை விட்டுப் போனப்போ பையைத் தூக்கிட்டுப் போய் டாக்ஸில வெச்சது இவதான். உங்ககூட இருக்கற வரைக்கும் அது உறுத்திட்டேதான் இருக்கும்."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைத் தடவினார். அம்மா போன அன்று, பார்த்தாயா என்று அவர் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னாள். அதன்பின் அவர் கேட்டதே இல்லை.

"சரி, போகட்டும்" என்றார். எழுந்து வெளியே போனார். சார் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் கீழே ஓடினாள். அதை அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்.

பொம்மை மிஸ் மறுக்கவில்லை. ஒரு வகுப்பு மேலே போகும்போது பழைய ஆலோசகரும் புதியவரும் டீ குடித்தபடி ஒவ்வொரு பிள்ளையாகப் பேசி ஒப்படைப்பது வழக்கம். எழுதினால் யார் கண்ணிலாவது படுமே என்று வாயால் மட்டும். அவளும் அப்படித்தான் கைமாறியிருந்தாள்.

"இந்த ரூமைத் தாண்டாதுன்னு சொன்னீங்க மிஸ்."

"சின்னப் பிள்ளைங்ககிட்ட அப்படித்தாம்மா சொல்லணும். இல்லேன்னா வாயைத் திறக்காதுங்க. பேச வைக்கிறது என் வேலை. காலேஜ்ல சேர்த்து விடுறது அவர் வேலை." மிஸ் கரடிப் பொம்மையின் காதை நிமிர்த்தினாள். "கேட்டது கிடைச்சிடுச்சில்ல?"

அப்பா ஸ்கூட்டரருகே நின்றிருந்தார். ஹெல்மெட்டை நீட்டினார். பாதி வழியில் சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே கேட்டார், அது எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

"மூணு பேருக்கு."

"பரவாயில்ல. நாலாவதா எனக்கும் சொல்லிட்டாங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி நகர்ந்தது. அவள் அவர் தோளுக்கருகே குனிந்து, இங்கேயே படிக்கிறேன்பா என்றாள். காற்றில் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னாள்.

கேட்டிருந்தது.

"வேணாம்மா" என்றார். "நீ போ."